பழைய நேபோவில் ஆராதனை நடந்தது

அன்று அங்கே இருந்தவர்கள்: பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்த பாஸ்டர் தியோடிஸ் ஃபோர்ட். என் அத்தை மகள் ஆல்மீடா. தொண்ணூறைத் தாண்டியவள், காது மந்தம், நாக்கு மந்தமில்லை. போன வசந்தத்தில் இறந்துபோன என் தம்பி லெமுவேலின் மகன் ரோஸ்கோ. ஐம்பது வயதுக்காரன், ஷார்லட் நகரத்திலிருந்து நான் வரவழைத்தவன். கவுண்டி வரலாற்றுக் கழகத்தின் ஜோன் ட்ரெஸ்காட் அம்மையார், கேமராவோடு. நான், யூலாலி மஸீக், பழைய நேபோ மலைச் சபையின் டிரஸ்டி. சாலைக்கு அந்தப் பக்கம், புதிய நேபோ மலைச் சபையின் புல்தரையில், தன் வீட்டிலிருந்து தானே தூக்கி வந்த மடக்கு நாற்காலியில், அந்தச் சபையின் பொறுப்பாளர்களில் ஒருவரான டீக்கன் கொர்னீலியஸ் விக்ஃபால்.

வேறு யாரும் இல்லை. "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்லுகிறவர்களின் கூட்டம் மீன் கடையில் வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போகிறது. அத்தனை பேர் வந்திருந்தால் எனக்கு அன்று எந்தக் கஷ்டமும் இருந்திருக்காது.

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கோபத்தில் பிறந்தது.

ஜோன் அம்மையார் எங்கள் கவுண்டியின் பழைய வழிபாட்டு வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம் தயாரிக்கிறார். சபைக்கு இரண்டு பக்கம். எங்கள் பக்கங்களை அவரே எழுதி, பிழை பார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பினார். கட்டடத்தைப் பற்றி எழுதியதில் குறையில்லை. அடிமை விடுதலைக்குப் பின் வந்த முதல் தலைமுறை கட்டியது, கட்டிய தச்சர்கள் படகு செய்கிறவர்கள் என்பதால் உட்கூரை கவிழ்த்து வைத்த படகைப் போலிருக்கும், அடித்தளம் சிப்பியும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து இடித்தது, எல்லாம் சரி. கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: "அந்த ஞாயிறு மதியம், பல காலப் பகையை மறந்து, இரு முதியவர்களும் சாலையின் நடுவே கண்ணீரோடு கட்டித் தழுவினர்."

அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் அங்கேதானே நின்றீர்கள், கேமரா உங்கள் கையில்தானே இருந்தது, யார் யாரைத் தழுவினார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு மனசுல அப்படித்தான் பட்டுச்சு, மிஸ் மஸீக்," என்றார்.

"உங்க மனசுல பட்டது சாலையில நடக்கல," என்றேன்.

அப்படியானால் நீங்களே எழுதிக் கொடுங்கள், கதை மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, வாசகர்களுக்குக் கதை பிடிக்கும் என்றார்.

கதை மாதிரி. நான் கதை எழுதியவள் இல்லை. ஆஷ்பீ முனையின் தபால் நிலையத்தை ஓய்வு பெறும்வரை நடத்தியவள். எழுத்து என்பது யாருக்குப் போக வேண்டுமோ அவர்களிடம் கசங்காமல் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த இலக்கியம். அந்த அளவுக்கு முயல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அட்லாண்டிக்கின் உப்புக் காற்று கிளைகளில் தொங்கும் தாடிப் பாசியை மெல்ல அசைத்துக்கொண்டிருந்த ஓர் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, ஓக் மரத்தின் கீழே—"

நிறுத்திவிட்டேன். அன்று காற்றே இல்லை. கொசு இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "மஸீக் குடும்பம் இந்த மண்ணுக்குச் செய்திருக்கும்—"

இது பொய்யில்லை. ஆனால் ஆல்மீடாவின் காதருகே உரக்க வாசித்துக் காட்டினேன். "இது கல்லறைக் கல்லுல எழுதுறதுல்ல? யாரு செத்தா?" என்றாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: "கொர்னீலியஸ் விக்ஃபால் பொறாமை பிடித்த மனிதர்."

இந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுருக்கமாக இருக்கிறது. படிக்கிறவருக்கு உடனே ஆர்வம் வரும். இதை அடிக்காமல் ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் இடம் கிடைத்தால் சேர்ப்பேன்.

3

இப்போது சபைக்கு வந்த சங்கடத்தைச் சொல்ல வேண்டும். இதை அலங்கரிக்க முடியாது.

தென் கரோலைனாவின் இந்தக் கரையில், உப்புச் சதுப்பைப் பார்த்தபடி இருக்கும் அந்த நிலத்தைச் சபைக்குக் கொடுத்தவர் என் கொள்ளுத்தாத்தா பிரின்ஸ் மஸீக். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார். அந்த நிலத்தில் ஆராதனை நடக்கும்வரை நிலம் சபைக்கு. முழு வருஷம் ஒன்று ஆராதனையே இல்லாமல் போனால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குத் திரும்பும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆலயங்களை எரித்தார்கள். எரித்த பிறகு காலி நிலம் என்று சொல்லி ஏலம் போட்டார்கள். அப்படி நடந்தால் நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் வீட்டுக்காவது வரட்டும் என்று அவர் யோசித்தார். நல்ல யோசனை. இந்த நிபந்தனை ஆஷ்பீ முனையில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள்.

போன வருஷம் செப்டம்பரில் வந்த புயல் கிழக்கு மூலைக் கூரையைப் பிடுங்கியது. உள்ளே யாரும் நுழையக் கூடாது என்று கவுண்டி அதிகாரிகள் கதவில் ஒரு பலகையை அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் போதகர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த குடும்பங்கள், வேறு வழியில்லாமல், சாலையைத் தாண்டிப் புதிய நேபோவுக்குப் போயின. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. (இருக்கிறது. ஆனால் இது அந்தக் கதை இல்லை.) வசந்தத்தில், எங்கள் கடைசி டீக்கனான லெமுவேல் போனான். அடக்க ஆராதனையை இறுதிச் சடங்கு நிறுவனத்தின் மண்டபத்தில் முடித்துவிட்டு, அவனை இங்கே பாட்டில்லாமல் மண்ணில் வைத்தோம். பழைய நேபோவின் நிலத்தில் ஆராதனை நின்று வருஷம் முடியப் போகிறது என்பதை நான் அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன்.

ஊர் எனக்கு முன்பே உணர்ந்திருந்தது.

பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க உதவுவது பற்றி வரலாற்றுக் கழகம் ஜூன் மாதம் ஒரு கூட்டம் நடத்தியது. எங்கள் கூரையைச் சரி செய்யலாம், ஆனால் நிலம் சபையின் பெயரில் இருந்தால்தான் என்றார்கள். அப்போது விக்ஃபால் எழுந்தார். கூரையைப் புயல் பிடுங்கியதை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"விழுந்ததை இதுவரைக்கும் யாராச்சும் தூக்கினாங்களா? இல்லையே. வருஷம் முடியட்டும்னு மஸீக் வீட்டுக்காரங்க பொறுமையா உக்காந்திருக்காங்க. சதுப்பைப் பாத்த நிலம் இன்னைக்கு என்ன விலை போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

நான் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தேன். தொப்பியைச் சரி செய்யவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. பதில் சொல்வது அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். பதிலை நிலத்தில்தான் சொல்ல வேண்டும்: வருஷம் முடிவதற்குள், அந்த மண்ணில், ஓர் ஆராதனை.*

* அந்த உரிமையே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் போயிற்றே என்று வாசகர் கேட்கலாம். நான் போடுவேன். ஆனால் பிரின்ஸ் மஸீக்கின் வாரிசுகள் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் எனக்குப் பெயர் தெரியாத ஊர்களிலும் இருக்கிறார்கள். நிலம் ஒருமுறை திரும்பிவிட்டால் அவர்களில் எவரோ ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் மொத்தத்தையும் விற்க வைக்கலாம். இந்தக் கரையில் பல குடும்பங்கள் அப்படித்தான் நிலம் இழந்தன. ஆலயம் போகும். பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டமும் போகும். அதில் லெமுவேலின் மண் இன்னும் இறுகவில்லை.

ரோஸ்கோவிடம் சொன்னபோது, அவனும் ஒரு கேள்வி கேட்டான். கெட்டவனில்லை, நகரத்தில் இருக்கிறவன்.

"நிலம் நமக்கே வந்தா அதுல என்ன தப்பு அத்தை? நம்ம பெரியவர் குடுத்ததுதானே."

"குடுத்தது குடுத்ததுதான்டா. திரும்பி வந்தா அது குடுத்ததில்ல, இரவல். மஸீக் வீட்டுல யாரும் ஆண்டவருக்கு இரவல் குடுக்கல," என்றேன். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டோடு வந்து சேரச் சொன்னேன்.

4

இங்கே கதை நிற்கிறது. ஏனென்றால் இங்கே விக்ஃபாலை ஒரு பாத்திரமாக எழுத வேண்டும், அவர் எழுத்துக்குள் வரமாட்டேன் என்கிறார்.

அவரைக் குடிகாரராக எழுதிப் பார்த்தேன். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். லெமுவேல் படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுவதும் பின்வாசலில் இறால் வைத்துவிட்டுப் போனது யார் என்று ஆல்மீடா கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பொய்யராக எழுதலாமா என்றால், அவர் சொன்னது தப்புதானே ஒழியப் பொய்யில்லை. அவர் அதை நம்பினார். தப்பாக நம்புகிற நேர்மையான மனிதரை வைத்துக்கொண்டு ஒரு கதையில் என்ன செய்வது? பொறாமைக்காரர் என்ற வாக்கியத்தையும் இப்போது எடுத்துவிட்டேன். ஒரு நல்ல வாக்கியம் போயிற்று.

அவருடைய அப்பாவும் என் அப்பாவும் சண்டை போட்டது ஒரு பியானோவுக்காக. ஆலயத்தில் பியானோ வேண்டும் என்றார் பெரிய விக்ஃபால். மனிதனுக்குத் தொண்டை இருக்கும்போது மரப்பெட்டி எதற்கு என்றார் என் அப்பா. விக்ஃபால் தரப்பு சாலைக்கு எதிர்ப்பக்கம் செங்கல்லில் இன்னொரு ஆலயம் கட்டி, முதல் வேலையாகப் பியானோவை இறக்கியது. அதிலிருந்து இரண்டு நேபோ மலைகள், நடுவே ஒரு தார்ச்சாலை. அடக்கத்துக்கும் கலியாணத்துக்கும் மட்டும் சேருவோம்.

இன்னொன்றும் சொன்னால்தான் அன்று நடந்தது விளங்கும். எங்கள் ஆராதனை அடி எடுத்துக் கொடுப்பதில் தொடங்கும். டீக்கன் எழுந்து பாட்டின் ஓர் அடியை வேகமாக, பேசுகிற மாதிரி சொல்லுவார். சபை அந்த அடியை வாங்கி, இழுத்து, வளைத்து, மூச்சு தீரும்வரை பாடும். அப்புறம் அடுத்த அடி. முன்னோர்களிடம் புத்தகம் இல்லாத காலத்துப் பழக்கம். இங்கே ஆராதனை நடந்ததா என்று ஒருவர் கேட்டால், பாஸ்டர் வந்தாரா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். அடி கொடுத்தது யார், வாங்கியது யார் என்றுதான் விசாரிப்பார்கள். கொடுத்த அடியை வாங்காமல் விடுவது, நீட்டிய கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதற்குச் சமம். எவ்வளவு கோபமிருந்தாலும் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

லெமுவேலுக்கு அடி கொடுக்கத் தெரியும். அவன் போன பிறகு, இந்த முனையில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அவர் புதிய நேபோவில் பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். அங்கே பாட்டைத் திரையில் போடுகிறார்கள்.

அவரிடம் கேட்டிருக்கலாமே? இதைப் பாஸ்டர் ஃபோர்ட்கூடக் கேட்டார். என் குடும்பத்தைத் திருடர்கள் என்று சபையறியச் சொன்னவரிடம் போய், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று நான் நிற்க மாட்டேன். பாஸ்டரே தனக்கு அடி கொடுக்கத் தெரியும் என்றார். நம்பினேன்.

5

நடந்தது இது.

ஓக் மரத்தடியில், கூரை போன ஆலயத்துக்குப் பக்கத்தில், மேசையும் நாற்காலிகளும் போட்டோம். ஆல்மீடா ஊதா நிறத் தொப்பியில் வந்தாள், இறுதிச் சடங்கு நிறுவனம் தந்த அட்டை விசிறியோடு. நான் வெள்ளைக் கையுறை போட்டிருந்தேன். ஜோன் அம்மையார் ஆலயத்தின் நீல ஜன்னல் கதவுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் விக்ஃபால் எதிர்ப்பக்கம் நாற்காலியை விரித்தார். எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. ஆராதனை நடக்கவில்லை என்று சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும், அதற்கு வந்திருக்கிறார். சாலை அகலமில்லை. சாதாரணமாகப் பேசினாலே கேட்கும்.

"எல்லாரும் வந்தாச்சா சிஸ்டர் மஸீக்? இல்ல, பஸ் இன்னும் வரணுமா?" என்று கேட்டார்.

நான் திரும்பவில்லை. ஆல்மீடாதான் அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றான்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வாயைத் தொறக்கிறான்?" என்றாள், சாலைக்கு அப்பாலும் கேட்கும்படி.

பாஸ்டர் ஃபோர்ட் எழுந்தார். பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தார்; அடி கொடுக்கிறவர்கள் புத்தகத்தைத் தொடுவதில்லை. அவர் பாடினார். நன்றாகவே பாடினார், வானொலியில் வருகிற மாதிரி, முதலிலிருந்து முடிவுவரை தானே. நாங்கள் நுழைய இடமில்லை. எதிர்ப்பக்கம் விக்ஃபால் கால்மேல் கால் போட்டார். பாஸ்டர் முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் ஊரில் அந்தப் பழக்கத்தின் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பாவம், ஏமாற்ற நினைக்கவில்லை.

(இந்த இடத்தில் நான் எழுந்து, நடுங்காத குரலில், நானே அடி எடுத்துக் கொடுத்ததாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நடக்கவில்லை. மஸீக் குடும்பம் சபைக்கு நிலம் கொடுத்தது, மரம் கொடுத்தது, ஆணி கொடுத்தது. குரல் லெமுவேல் ஒருவனுக்குத்தான் வந்தது.)

நான் எழுந்தேன் என்பது உண்மை. வாயைத் திறந்தேன் என்பதும் உண்மை. அதற்குள் ரோஸ்கோ, "அத்தை, ஒரு நிமிஷம்," என்று தன் காரிடம் போனான். காரின் முன்பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வைத்து, கைபேசியில் எதையோ அழுத்தினான்.

லெமுவேல் அடி கொடுத்தான்.

அவனுடைய கடைசிக் குளிர்காலத்தில், சமையலறையில் வைத்து ரோஸ்கோ பதிவு செய்திருக்கிறான். அடி முடிந்ததும் பதிவில் நீண்ட மௌனம். பதிவு நின்றுவிட்டதோ என்று பாஸ்டர் குனிந்து பார்த்தார். எனக்குப் புரிந்தது. அந்தச் சமையலறையில் லெமுவேலுக்குச் சபை பாடுவது கேட்டிருக்கிறது. அது வாங்கி, இழுத்து, முடிக்கும்வரை அவன் காத்திருந்திருக்கிறான்.

நாங்கள் யாரும் வாங்கவில்லை. ஆல்மீடாவுக்குக் கேட்கவில்லை. ரோஸ்கோவுக்குத் தெரியாது. நான் அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். லெமுவேலின் அடி அந்த வெயிலில் அப்படியே கிடந்தது.

இரண்டாவது அடியைக் கொடுத்தான். மறுபடி மௌனம் தொடங்கியது.

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

விக்ஃபால் உட்கார்ந்தபடியே வாங்கினார். மெதுவாக, கனமாக, ஒரு சொல்லை முடிக்க அவசரமே இல்லாமல். வாங்க வேண்டும் என்று முடிவு செய்து வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கே அது தெரிந்தது போலில்லை. மூன்றாவது அடிக்கு எழுந்து நின்றிருந்தார். அதை முடித்ததும் கையை உயர்த்தினார்.

"ரோஸ்கோ, அதை நிறுத்துப்பா. உங்கப்பாவை இனிமே வேலை வாங்காத."

ரோஸ்கோ என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். நிறுத்தினான். கொசுச் சத்தம் மட்டும்.

அப்போது நான் சொன்னது இந்த ஒரு வாக்கியம்:

"அவன் நிறுத்திட்டா, யாரு குடுக்கிறது டீக்கன்?"

இது கேள்வி. வேண்டுகோள் அல்ல. ஜோன் அம்மையாரின் பக்கத்தில் இது "மன்றாடினார்" என்று இருந்தது. அதையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

விக்ஃபால் தன் செங்கல் ஆலயத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் காலடிப் புல்லைப் பார்த்தார். பிறகு, லெமுவேல் விட்ட இடத்திலிருந்து, நான்காவது அடியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் வாங்கியது ஆல்மீடா. காது கேட்காதவள், அவர் வாயையும் கையையும் பார்த்தே வாங்கினாள், சரியான இடத்தில் ஏறி, சரியான இடத்தில் வளைந்து. அவள் ஏறியதும் எனக்கு வழி கிடைத்தது. நான் வாங்கினேன். பாஸ்டர் எங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார், ரோஸ்கோ பாஸ்டரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஜோன் அம்மையார் கேமராவை இறக்கிவிட்டார். அதற்காக அவருக்கு என் நன்றி. விக்ஃபால் அந்தப் பக்கம் நின்று கொடுத்தார், நாங்கள் இந்தப் பக்கம் நின்று வாங்கினோம். பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஃபோர்ட் ஜெபித்தார், வேதம் வாசித்தார், சுருக்கமாகப் பிரசங்கம் செய்தார், ஆசீர்வாதம் சொன்னார். எல்லா "ஆமென்"களுக்கும் சாலையின் இரண்டு பக்கமும் குரல் கொடுத்தன.

6

ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதையை இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றாலும், டிரஸ்டியாக அதைத் தாண்டிப் போக முடியாது.

அடி கொடுத்தவர் பழைய நேபோவின் நிலத்தில் நிற்கவில்லை. அப்படியானால் ஆராதனை எங்கே நடந்தது? கொடுத்த இடத்திலா, வாங்கிய இடத்திலா, நடுவே தார்மேலா? பிரின்ஸ் மஸீக் இதையெல்லாம் யோசிக்கவில்லை. நான் பல நாள் யோசித்தேன். மோசே நேபோ மலைமேல் நின்றுதான் தேசத்தைப் பார்த்தார், உள்ளே கால் வைக்கவில்லை, ஆனாலும் அவர் இல்லாமல் மற்றவர்கள் உள்ளே போயிருக்க முடியாது என்று ஒரு நீண்ட பத்தி எழுதினேன். பிரசங்கம் போலாகிவிட்டது, எடுத்துவிட்டேன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த மாதக் கூட்டம் வந்தது. பழைய நேபோ நிலத்தில் ஆராதனை நடந்ததா என்று கழகத்தின் தலைவர் கேட்டார். பாஸ்டரின் சாட்சி இருக்கிறது, ஜோன் அம்மையாரின் படங்கள் இருக்கின்றன என்று நான் சொல்ல எழுந்தேன். எனக்கு முன்னால் விக்ஃபால் எழுந்துவிட்டார்.

"நான் குடுத்தேன். அவங்க, அவங்க மண்ணுல நின்னு வாங்கினாங்க. வாங்குற இடத்துலதான் ஆராதனை. இதுல பேச என்ன இருக்கு?"

உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார்.

"கூரையை இத்தனை மாசம் கிடக்க விட்டதைப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான். அதை வாபஸ் வாங்கல."

இப்போது நான் இதை எழுதும்போது கூரையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. நிலம் சபையிடம் இருக்கிறது.

7

முடிவுகள் எனக்கு நிறையக் கிடைத்தன, யாரும் காசு கேட்கவில்லை.

ஜோன் அம்மையாரின் முடிவை முன்பே சொன்னேன். ரோஸ்கோவின் முடிவில் இரண்டு சபைகளும் ஒன்றாகி, ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே என்று கூடுகின்றன. அவன் அப்பாவுக்கும் இந்த ஆசை இருந்தது. ஆனால் பியானோவை எங்கே வைப்பது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். ஆல்மீடாவின் முடிவை எழுதத்தான் வேண்டுமா என்று தயங்கினேன். "நீ பேசாம அவனைக் கட்டிக்கோ யூலா. அவனும் தனியா இருக்கான், நீயும் தனியா இருக்கே. சண்டை போடவாச்சும் பக்கத்துல ஆள் வேணும்ல," என்றாள். அவள் உயிரோடிருக்கும்வரை அந்த முடிவு அவளிடமே இருக்கட்டும்.

என்னிடம் முடிவு இல்லை. அவர் என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நான் மன்னிக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் ஆராதனை இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை; எதையும் அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள மாட்டேன். வாசகர்களுக்கு இது போதாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரட்டும். சாலையோரம் நிற்கட்டும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பிடித்த முடிவை அவர்களே எழுதிக்கொள்ளட்டும். நான் சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி.

ஆராதனைக்குப் பின் மரத்தடியில் சாப்பாடு இருந்தது: தக்காளி போட்ட செஞ்சோறு, பொரித்த மீன், இறால் போட்ட வெண்டைக்காய், ஆல்மீடா சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு. ஆராதனையில் குரல் கொடுத்தவர் அந்த மேசையில் சாப்பிடாமல் போகக் கூடாது. அது எங்கள் வழக்கம், அதில் பகை பார்ப்பதில்லை. விக்ஃபால் தன் நாற்காலியை மடிக்கவில்லை, சாலையைக் கடக்கவும் இல்லை. நானும் கடக்கவில்லை. என் அம்மாவின் நீல விளிம்புத் தட்டு ஒன்றை நிறைத்து, துணி போட்டு மூடி, ரோஸ்கோவிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்தத் தட்டை அவர் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினார் என்று மீன் கடையில் பேசிக்கொள்கிறார்களாம்.

தப்பு. தட்டு திரும்பி வரவேயில்லை. இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.